மஞ்சள் பொட்டு வைத்த டின்

ஸ்டோர் ரூமின் மேல்தட்டு காலியாக இருந்தது.

பரமசிவம் நாற்காலி மேல் ஏறி நின்று, தட்டின் மூலைவரை கையை விட்டுத் துழாவினார். தூசிகூட அகப்படவில்லை. யாரோ துடைத்தே வைத்திருந்தார்கள். ஹாலில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. விடிந்தால் திருச்சிக்கு விமானம்.

"பூவு, இங்க இருந்த முறுக்கு டின்னெல்லாம் எங்க?"

"தீபாவளி முடிஞ்ச பிறகுதான் டின் ஞாபகம் வருதா? கொடுத்தாச்சு." பூவம்மா பட்டுச்சேலையை மடித்தபடியே பதில் சொன்னாள். "பாஸ்போர்ட்ட எடுத்துக் கைப்பையில வைங்க. காலையில அவசரத்துல தேட முடியாது."

"எல்லா டின்னையுமா கொடுத்த?"

"பின்ன, வச்சு பூஜை பண்ணவா? லிம் ஆன்ட்டிக்கு ஒண்ணு, அஸ்மத் வீட்டுக்கு ஒண்ணு, முத்தையாவுக்கு ஒண்ணு. அக்கா வீட்டுக்குன்னு ஒண்ணு மட்டும் புதுசா சுட்டு, பெட்டியில வச்சிருக்கேன்."

பரமசிவம் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

அந்த மூன்று டின்களில் ஒன்றுக்குள், மேலாக அடுக்கிய முறுக்குக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றியபடி அவர்கள் இருவருடைய பாஸ்போர்ட்டும் இருந்தன. கூடவே பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம்.

வைத்தவர் அவரேதான்.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. ஊரில் அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டோடு சாங்கி விமான நிலையத்தில் போய் நின்றவரை, பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதம்கூட இல்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினாள். அங்கே மணவறையில் தாய்மாமன் இடத்தில் எதிர்வீட்டு ஆறுமுகத்தை நிறுத்தி மாலை போட வைத்தார்கள். கல்யாண ஆல்பம் முழுக்க ஆறுமுகம். அக்கா இரண்டு வருஷம் இவர் போனை எடுக்கவில்லை. இப்போது இளையவளுக்குக் கல்யாணம். போன மாதம் அக்காவே கூப்பிட்டு, "இந்தத் தடவையும் காகிதம் சரியில்லன்னு சொன்னியோ, உனக்கு அக்கா இல்லன்னு நெனச்சுக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து திரும்பிய அன்றிலிருந்தே பரமசிவம் காகிதங்களின் காவல்காரர் ஆனார். தொழிலும் அதுதான். பாசிர் ரிஸ்ஸில் ஒரு கொண்டோமினியத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். தன் கீழ் வேலை செய்யும் காவலர்களைச் சோதிக்க, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பார்சல் கொண்டுவருகிறவர் மாதிரி கேட்டில் வந்து நிற்பவர். புக்கிட் மேராவில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் முழுக்க இந்தக் கதை பிரசித்தம்.

வீட்டில் அவர் வைத்துப் பார்க்காத இடமில்லை. பீரோவில் வைத்தால் திருடன் முதலில் அங்கேதான் வருவான். அரிசி வாளிக்குள் வைத்தார். கல்யாணச் சான்றிதழை வண்டு ருசி பார்த்தது. தீப்பிடித்தாலும் ஃப்ரீசர் தாங்கும் என்று எங்கோ கேட்டு அதற்குள் வைத்தார்; பிறப்புச் சான்றிதழ் வஞ்சிர மீனோடு ஒட்டிக்கொண்டு, சுடுதண்ணீர் ஊற்றிப் பிரிக்க வேண்டி வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். விளக்குப் புகை ஏறிற்று. எல்லாரையும் போல ஒரு ஃபைலில் போட்டு டிராயரில் வைக்கலாமே என்று பூவம்மா சொன்னபோது, அது பாமரர்கள் செய்கிற காரியம் என்றார்.

கடைசியில்தான் முறுக்கு டின். பூவம்மா தீபாவளிக்கு முன்பே சுட்டு, சிவப்பு மூடி போட்ட தங்கநிற டின்களில் அடைத்து வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றில் காகிதங்களை அடைத்து, அடையாளத்துக்கு மூடியில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார்.

அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள், குடியிருப்பாளர் குழு அவரைப் புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் வீட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டது. தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து வெளுத்து வாங்கினார். "திருடனுக்கு பீரோ தெரியும், மெத்தை தெரியும். முக்கியமான டாக்குமென்ட்ட, வீட்டுல யாரும் கையே வைக்காத சாமானுக்குள்ள வைங்க. எங்க வச்சீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும்தான்." முன்வரிசையில் லிம் ஆன்ட்டி எழுந்து நின்று கைதட்டினாள்.

"பூவு," பரமசிவம் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "ஒரு டின்னு மூடியில மஞ்சள் பொட்டு இருந்துச்சே, அது யாருக்குப் போச்சு?"

"நீங்கதான் வச்சதா? லட்சணமா இருந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் வச்சா நல்லாயிருக்காதுன்னு எல்லா டின்னுக்கும் வச்சுட்டேன்."

உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சொன்னால் அடுத்த நிமிஷம் அது போனில் அக்காவுக்குப் போகும். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அப்படி ஒரு ஒட்டு. அதோடு, ஊருக்கே பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் பாஸ்போர்ட்டை முறுக்கோடு தானம் செய்துவிட்டார் என்பது லிப்டு ஏறி இறங்கும். கூடாது. மூன்றே வீடு, ஒரே தாழ்வாரம். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி. பள்ளிக்கூட கேன்டீனில் மீ நூடுல்ஸ் கடை வைத்து ஓய்ந்தவள், தனியாக இருக்கிறாள். கதவுக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். பரமசிவம் தயாராக வைத்திருந்த பொய்யை எடுத்து விட்டார். இந்த முறை உப்பு கூடிப்போச்சு, உடம்புக்கு ஆகாது, டின்னைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தருகிறோம்.

ஆன்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லக் கண்ணடித்தாள்.

"நோ நீட் லா, மிஸ்டர் பரம். ஐ லைக். ஐ கீப் வெரி சேஃப்."

"இல்ல ஆன்ட்டி, டூ மச் சால்ட்..."

"நெவர் மைண்ட்." மறுபடி ஒரு கண்ணடிப்பு. கதவு சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு இன்னொரு தாழ்ப்பாளும் விழுந்தது.

அறுபத்தைந்து வயதுப் பெண்மணி தன்னைப் பார்த்து இரண்டு தடவை ஏன் கண்ணடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பரமசிவம் லிப்டுக்கு எதிர்வீட்டுக்கு நடந்தார். அங்கே முத்தையா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உப்பு என்றால் பயப்படமாட்டார் என்பதால் பொய்யைப் பெரிதாக்கினார். எண்ணெய் கெட்டுப்போய்விட்டது, சாப்பிட்டால் வயிற்றுக்குப் போகும்.

"போனாப் போகட்டும்," என்றார் முத்தையா.

"என்ன முத்தையா, ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஆயிடும்."

"என் வயிறு, என் டின்னு. உங்க வீட்டம்மா ஆசையாக் கொடுத்தது. நீங்க இல்ல, அந்த டவுன் கவுன்சிலே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்."

பரமசிவத்துக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. பூவம்மாவின் முறுக்கு அவ்வளவு ருசியா? இத்தனை வருஷமாக அவர் அதை டீயில் வெகுநேரம் ஊறப்போட்டுத்தான் சாப்பிடுகிறார். பல் சரியில்லை என்று டாக்டரிடம்கூடக் காட்டினார். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை.

கடைசி வீடு அஸ்மத்துடையது. லிட்டில் இந்தியாவில் நாணயமாற்றுக் கடையில் வேலை. தம்பி மாதிரி பழகுகிறவன். அவனிடம் பொய் எடுபடும். ஆனால் கெட்ட எண்ணெய்க் கதையைக் கேட்டதும் அஸ்மத் முகம் வெளுத்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்த டின்னை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, வேற எது வேணா கேளுங்க."

"கெட்டுப்போனது தம்பி."

"கெட்டாலும் எங்களுதுதானே அண்ணே."

பேச்சோடு பேச்சாகப் பரமசிவம் குனிந்து டின்னை ஒரு ஆட்டு ஆட்டினார். முறுக்கு என்றால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வந்தது பொத்தென்று ஒரு ஓசை.

காகிதம்.

இதுதான் அந்த டின். இவன் இன்னும் திறந்து பார்க்கவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்றால் அஸ்மத் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். சிரித்துச் சமாளித்துவிட்டு வெளியே வந்தவர், தாழ்வாரத்திலேயே அடுத்த திட்டத்தைப் போட்டு முடித்தார்.

எம்ஆர்டி ரயில் பிடித்து லிட்டில் இந்தியாவில் இறங்கினார். தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. கடைக்காரர்கள் மிச்சப் பலகாரத்தைத் தள்ளுபடியில் கூவிக்கொண்டிருந்தார்கள். சிராங்கூன் ரோட்டில் அதே தங்கநிற டின்னையும் அதே சிவப்பு மூடியையும் தேடி ஒரு பாத்திரக்கடையைத் தலைகீழாகக் கவிழ்த்து வாங்கினார். பலகாரக்கடையில் முறுக்கு வாங்கி அதை நிரப்பினார். பக்கத்துப் பூக்கடையில் மஞ்சள் கேட்டு வாங்கி, மூடியில் பொட்டும் வைத்தார். இதைக் கொடுத்து அதை வாங்கிவிட்டால் தீர்ந்தது. இல்லாவிட்டால், அவன் அசந்த நேரம் பார்த்து மாற்றிவிடுவது.

அஸ்மத் அசரவில்லை.

புது டின்னை மகிழ்ச்சியோடு வாங்கினான். அங்கேயே திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். கண்கள் விரிந்தன. மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தான். குழந்தைகளையும் கூப்பிட்டான். டின் பாதியாகும்வரை குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டது. பழைய டின் மட்டும் அவன் தொடையை விட்டு அங்குலம் நகரவில்லை.

"அண்ணிக்குக் கைப்பக்குவம் மாறிப்போச்சுண்ணே. இந்த வருஷம் சூப்பர்."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது பூவம்மா போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்ததுமே பரமசிவத்துக்கு வாசலிலேயே செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளத் தோன்றியது.

முத்தையா போன் செய்திருந்தார். எண்ணெய் கெட்டது என்று பரமசிவம் சொன்னதைச் சொல்லி, அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்திருக்கிறார். அடுத்ததாக அஸ்மத் மனைவி. இரண்டாவதாக வந்த டின்னில் முறுக்கு வாயில் போட்டதும் கரைகிறது, எந்த அரிசி என்று கேட்டிருக்கிறாள்.

"நான் ரெண்டாவது டின்னு அனுப்பவே இல்லையே," என்றாள் பூவம்மா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என் எண்ணெய் கெட்டதுன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு, கடை முறுக்க வாங்கி என் பேர்ல கொடுத்திருக்கீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, என் முறுக்கு புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரமசிவம் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டின், பாஸ்போர்ட், மஞ்சள் பொட்டு, பொத்தென்று வந்த ஓசை, எல்லாம்.

பூவம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அக்காவுக்குப் போன் போடப்போகிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லியுமா ஆன்ட்டி கொடுக்கல?"

"கொடுக்கல."

"வயித்துக்குப் போகும்னு சொல்லியுமா முத்தையா கொடுக்கல?"

"உசிரே போனாலும் கொடுக்கமாட்டார் போல."

பூவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாத்தனாரின் மூத்த பெண்ணுக்கு வரன் அமைந்தபோதுகூட அப்படி வரவில்லை. இத்தனை வருஷம் தீபாவளிக்குத் தீபாவளி அடுப்படியில் வெந்தது வீண்போகவில்லை. கெட்டுப்போனது என்று சொல்லியும் மனிதர்கள் மடியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

"அவ்வளவு ஆசையா வச்சிருக்கிறத வெறுங்கையோட போய்க் கேட்டா யாரு கொடுப்பா? எந்திரிங்க."

பெட்டியைத் திறந்து அக்கா வீட்டுக்கென்று வைத்திருந்த டின்னை எடுத்தாள். முன்னால் அவள் நடந்தாள். பின்னால் காவலர் படைத் தலைவர்.

அஸ்மத் கதவைத் திறந்ததும் பூவம்மா விஷயத்துக்கு வந்தாள். "இந்தா தம்பி. எங்க நாத்தனாருக்குன்னு தனியாச் சுட்டது. இத வச்சுக்க, அதக் கொடு."

அஸ்மத் அந்தப் புது டின்னைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினான். "அண்ணி, எங்களுக்கு ஒண்ணே போதும் அண்ணி."

"கூச்சப்படாத."

"கூச்சமெல்லாம் இல்ல அண்ணி."

கூச்சம்தான் என்று முடிவு செய்து பூவம்மா பழைய டின்னைப் பிடித்து இழுத்தாள். அவன் மறுபக்கம் இழுத்தான். பரமசிவமும் ஒரு கை போட்டார். மூன்று பேர் இழுத்த இழுப்பில் சிவப்பு மூடி தெறித்து எதிர்ச்சுவரில் மோதியது. டின்னுக்குள்ளிருந்து காகிதங்கள் தாழ்வாரமெங்கும் பறந்தன. நடுவில் சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட் ஒன்று வந்து விழுந்தது.

பரமசிவம் பாய்ந்து அதை எடுத்தார். தாய்மாமன் மாலை கழுத்தில் விழுந்த மாதிரி இருந்தது. பிரித்தார்.

உள்ளே, கத்தை மீசையோடு ஒரு இளைஞன் முறைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு இது?"

"நான்தாண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது."

தரையில் கிடந்தது அஸ்மத்தின் வீட்டுப் பத்திரம். அவன் நிக்காஹ் சான்றிதழ். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ். முறுக்கின் ஒரு துணுக்குகூட இல்லை.

சத்தம் கேட்டு முத்தையா வந்தார். அவர் அக்குளில் அவருடைய டின். பின்னாலேயே லிம் ஆன்ட்டி, தன் டின்னை வயிற்றோடு அணைத்தபடி வந்தாள். கீழே கிடந்த காகிதங்களையும் பரமசிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டெஸ்ட் ஃபினிஷ் ஆர் நாட்?"

"என்ன டெஸ்ட்டு?"

ஆன்ட்டி பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் விளக்கினாள். தொப்பி போட்டுக்கொண்டு போய் வேலையாட்களைச் சோதிப்பவர், உப்பு, எண்ணெய் என்று தங்களையும் சோதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம். அதனால்தான் கண்ணடித்தாளாம். முத்தையாவும் அஸ்மத்தும் தலையாட்டினார்கள். தங்களுக்கும் தெரியும் என்றார்கள்.

பிறகு அவள் டின்னைத் திறந்தாள். மேலே அவளுடைய பத்திரங்கள். அவற்றைப் பக்குவமாக விலக்கி, அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு கட்டை எடுத்து நீட்டினாள். புளோக்கில் இத்தனை பேர் இருக்க, என்னை நம்பித்தானே உங்கள் பாஸ்போர்ட்டை முறுக்குக்குக் கீழே வைத்துக் கொடுத்தனுப்பினீர்கள், அதை நான் யாரிடமாவது கொடுப்பேனா என்று கேட்டாள்.

பரமசிவம் இரண்டு பாஸ்போர்ட்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயரைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். ஆறு மாதம் என்ன, ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆறுமுகம் இனி வேறு வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பூவம்மாவோ பாஸ்போர்ட் பக்கமே திரும்பவில்லை. அஸ்மத்தின் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். ஆன்ட்டியின் டின்னுக்குள் பார்த்தாள். முத்தையாவின் அக்குளிலிருந்து டின்னை உருவித் திறந்தாள். ஓய்வூதியக் காகிதங்கள்.

"எல்லாத்துலயும் காகிதம்தான் இருக்கு. எதுக்கு எல்லாரும் போயும் போயும் என் முறுக்கு டின்னுலயே வச்சீங்க?"

முத்தையா கூரையைப் பார்த்தார். லிம் ஆன்ட்டி கைக்கு எட்டிய லிப்டுப் பொத்தானை அழுத்தினாள். குனிந்து காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அஸ்மத்துக்கு நழுவ இடமில்லை.

"அண்ணேதானே அண்ணி மீட்டிங்குல சொன்னாரு, வீட்டுல யாரும் கையே வைக்காத சாமானுக்குள்ள வைக்கணும்னு. எங்க மூணு வீட்டுலயும் அப்படி இருக்கிறது இது ஒண்ணுதான்."